சொல்லிக்கொண்டு போவது

ராக்கம்மை ஆச்சிக்குக் கைப்பேசியில் கேரம் ஆடத் தெரிந்தது; ஆட்டத்தை விட்டு வெளியே வரத்தான் தெரியவில்லை.

சைகோன் தமிழர்கள் முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்த ஆட்டக் குழு அது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது மரியாதையா? தினமும் மற்ற முப்பத்தேழு பேருக்கும் தனித்தனியாக, "போயிட்டு வர்றேன்" என்று அனுப்பிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

திங்கட்கிழமை திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிறீர்கள். முதல் எச்சரிக்கை.'

"இதுக்குப் பேரு ஸ்பேம்," என்றார் கணவர் கரியமாணிக்கம். "எல்லாருக்கும் சேத்து ஒரே தடவையாச் சொல்லேன்."

சொன்னாள். ஒருவரும் விட்டுப்போகக் கூடாதென்று முப்பத்தேழு பெயரையும் வரிசையாகக் குறிப்பிட்டுச் சொன்னாள். முப்பத்தேழு கைப்பேசிகளும் ஒன்றாக அலறின. 'பென் தான்' சந்தை அருகே மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஹாஜா மைதீன், வீட்டில் யாருக்கு என்னவோ என்று பதறி வண்டியை நடைபாதையில் ஏற்றிவிட்டார்.

இரண்டாவது எச்சரிக்கை.

குழுத் தலைவர் கஸ்தோன் போனில் வந்தார். காரைக்கால்காரர்.

"ஆச்சி, ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வுங் டாவ் ஊர்க்காரங்களோட இறுதி ஆட்டம். மூணாவது வந்தா உங்கள நீக்கிருவாங்க. சிவப்புக் காய உங்கள விட்டா யாரு போடுறது? பேசாம இருங்க."

"இருக்கேன் தம்பி. மன்னிப்பு மட்டும் கேட்டுக்கிறேன்."

"அதுவும் வேணாம்..." என்பதற்குள் வைத்துவிட்டாள்.

ஒரே செய்தி என்பதுதானே தப்பு? ஆளுக்கொரு விதமாக எழுதினாள். ஹாஜா மைதீனிடம் முட்டி வலியை, நபீசாவிடம் மகளின் பரீட்சையை, கஸ்தோனிடம் அவர் அம்மாவின் கண் ஆபரேஷனை விசாரித்துவிட்டு, கடைசி வரியில் மன்னிப்புக் கேட்டாள்.

'இரண்டு மணி நேரத்தில் முப்பத்தேழு செய்திகள். மூன்றாவது எச்சரிக்கை. ஞாயிறு நான்கு மணிக்கு நீக்கப்படுவீர்கள். ஆட்சேபம் உள்ள உறுப்பினர்கள் குழுவில் எழுதலாம்.'

ஞாயிறு காலை கைப்பேசியை அணைத்துவிட்டு, த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. "என்னால யாருக்கும் தொந்தரவு வேணாம் தாயே," என்று மட்டும் கேட்டாள்.

நான்கு மணிக்குத் திறந்து பார்த்தாள். குழுவில் ஒரே ஒரு பெயர் இருந்தது: ராக்கம்மை.

"அத்தனை பேரும் என்னால விலகிட்டாங்க," என்றாள் கணவரிடம், கண் கலங்கி. "ஒருத்தர்கூடச் சொல்லிக்காமப் போயிட்டாங்களே."

போன் மணி அடித்தது. கஸ்தோன்தான்.

"விலகல ஆச்சி, ஆட்சேபம் சொன்னோம். 'ஆச்சிய நீக்கக் கூடாது'ன்னு ஹாஜா பாய் எழுதினாரு. நல்லாருக்கேன்னு எல்லாரும் அதையே எடுத்துப் போட்டோம். உங்க மூணு எச்சரிக்கையும் ரத்தாயிருச்சு. ஆனா ஒரே வரி முப்பத்தேழு தடவைன்னு அந்த ஆப் எங்கள மொத்தமா வெளிய தள்ளிருச்சு. என்னையும்தான்."

"அப்ப ஆட்டம்?"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. மிச்சமிருக்கிற ஒரே ஆளு நீங்க, அதனால இப்பத் தலைவரும் நீங்கதான். நீங்க கூப்பிட்டா நாங்க உள்ள வரலாம். ஆனா விதிப்படி பொதுவாக் கூப்பிட்டாச் செல்லாதாம் ஆச்சி; ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லி அனுப்பணுமாம்."