கௌசல்யாவின் காரியம்

சும்மா கிடக்கும் சோம்பேறியால் யாருக்கும் கெடுதல் இல்லை. வேலையைக் குறைக்க மூளையைச் செலவழிக்கிறானே, அந்தச் சோம்பேறிதான் ஆபத்தானவன். நான் அந்த ரகம்.

ஓசூரில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. (எங்கள் ஊர் பாலக்கோட்டுத் தெருவில் அதற்கே தனி நடை நடந்துகொண்டிருந்தேன்.) என் தங்கை கௌசல்யாவுக்கு மொரப்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. உறவுக்காரர்களுக்கெல்லாம் போனில் அழைப்பு அனுப்ப நானே புரோகிராம் எழுதுகிறேன் என்றேன்.

"நிச்சயம், கல்யாணம், வளைகாப்பு மூணுக்கும் ஒரேயடியா எழுதிடறேம்மா."

"மொதல்ல நிச்சயம் ஆவட்டும்டா" என்றார் அம்மா.

நான் பழகிய கணினி மொழியில் ஒரு வசதி உண்டு. இன்னின்ன வேலைகள் என்று முதலில் பெயர்களை மட்டும் அறிவித்துவிடலாம். அவற்றுக்கான உடலை, அதாவது என்ன செய்ய வேண்டும் என்பதை, பிறகு எழுதலாம். மூன்று உடல் எழுத அலுப்பாக இருந்தால், பொதுவாக ஓர் அச்சு எழுதி, அதையே மூன்றுக்கும் மாட்டிவிடலாம். எனக்கா அலுப்பு வராது?

அச்சில் விசேஷத்தின் பெயருக்கு ஓர் இடம் விட்டேன். பெயர் கொடுக்காவிட்டால் தானாக வந்து உட்கார ஒரு பொதுச்சொல்லும் வேண்டும். 'ஃபங்ஷன்' என்று அடிக்கப் போன கையை நிறுத்தி, தமிழில் இருக்கட்டுமே என்று 'காரியம்' என்று அடித்தேன். (எங்கள் ஊரில் காரியம் என்றால் செத்தவர்களுக்குப் பதினாறாம் நாள் செய்வது. தெரியாதா? தெரியும். அன்றைக்குப் புத்தி மேயப் போயிருந்தது.)

கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் பெயர் கொடுத்து மாட்டினேன். நிச்சயத்துக்குக் கொடுக்க மறந்தேன். கணினி ஒரு முனகல்கூட முனகவில்லை. சனிக்கிழமை காலை உறவு முழுவதற்கும் போய்விட்டது:

'நாளை ஞாயிறு காலை எங்கள் இல்லத்தில் செல்வி கௌசல்யாவின் காரியம் நடைபெறும். அனைவரும் வருக.'

முதல் போன் பாப்பிரெட்டிப்பட்டி அத்தை.

"ஏண்டா, புள்ள செத்ததுக்குச் சொல்லல, காரியத்துக்கு மட்டும் சொல்றீங்களா? நாங்க என்ன அத்துப்போன ஒறவா?" என்று சண்டை போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் ஒப்பாரியே வைத்தார்.

செய்தியைத் திறந்து படித்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"படுபாவி! மாப்ள வூட்டுக்கும் போச்சாடா?"

போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, பல்லி கத்தியதற்கே பெண் பார்க்கும் நாளைத் தள்ளிவைத்தவர். இந்தச் சம்பந்தம் தொலைந்தது, என் கையாலேயே தொலைத்தேன். அவர்களுக்குப் போன் போட்டேன், போட்டேன், எடுக்கவே இல்லை.

எப்படி எடுப்பார்கள்? மாப்பிள்ளை கௌசல்யாவுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார். அவள் போன் அணைந்து சார்ஜில் கிடந்தது. அவ்வளவுதான், அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

வாசலில் வண்டி நின்றது. ஈரத்தலையில் துண்டோடு கௌசல்யா போய்க் கதவைத் திறந்தாள். அழுது முகம் வீங்கியிருந்த மாப்பிள்ளை இரண்டடி பின்னால் போனார்.

"உசுரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேங்க. தலைக்குக் குளிச்சிட்டு இருந்தேன்."

அவர் படியிலேயே உட்கார்ந்து மறுபடி அழ ஆரம்பித்தார். நான் போய் அவர் அம்மாவின் காலில் விழுந்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் அம்மாவிடம் சொன்னார்.

"இவங்கப்பா செத்தப்பகூட இவன் இப்படி அழுவலைங்க. இதுக்கு மேல என்ன சகுனம் பாக்கறது? பேசினபடி நாளைக்கே தட்டு மாத்திக்கலாம்."

மாற்றிக்கொண்டார்கள். கல்யாணமும் நன்றாக நடந்தது. போன வருடம் பெண் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்களுக்குச் சொல்லலாம் என்று நான் போனை வெளியே எடுத்தேன். மாப்பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க மச்சான். நான் வூடு வூடாப் போய்ச் சொல்லிக்கறேன்."