மேற்படி மாப்பிள்ளையும் நேந்திரங்காய் சிப்ஸும்

உ

மேலகரம், தென்காசி.
ஆடி மாதம், சாரல் நேரம்.

மரியாதைக்குரிய மைத்துனர், புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடை உச்சிமாகாளி அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஏட்டு, ஸ்டேஷன் ரைட்டர் சுடலைராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை சங்கரேஸ்வரியும் மகள் மஞ்சுவும் உடம்பளவில் சுகம். அங்கே தாங்களும் குடும்பமும் எலுமிச்சை விலையும் நலமாக இருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டுகிறேன்.

நிற்க. இதே விஷயமாக நான் எழுதிய கடிதத்துக்கும், அதை நினைவூட்டி எழுதிய கடிதத்துக்கும், நினைவூட்டியதை நினைவூட்டி எழுதிய கார்டுக்கும் தங்களிடமிருந்து பதில் இல்லை. பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பது இலாகாவில் நான் பழகியது, ஆகவே மறுபடியும் எழுதுகிறேன். மஞ்சுவுக்குத் தாங்கள் கொண்டுவந்த இலஞ்சிப் பையன் சுந்தரபாண்டியன் மீது எனக்குப் பலத்த சந்தேகம். ஆவணியில் வைத்திருக்கும் நிச்சயதார்த்தத்தை உடனே நிறுத்த வேண்டும்.

பையன் ரைட்டர் என்றீர்கள். நானும் ரைட்டர்தானே என்று மனம் குளிர்ந்தேன். விசாரித்தால், வீட்டில் இருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு எழுதுகிறானாம். பணம் கட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்றாம், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று வழிகாட்டிக் குறிப்பு எழுதுவதுதான் உத்தியோகமாம். "யாருய்யா அதைப் படிப்பா?" என்று கேட்டேன். "மனுசங்க படிக்கமாட்டாங்க மாமா, ஏஐ ஏஜென்ட் படிக்கும். நாம வாயால சொன்னாப் போதும், அதுவே கடையில ஆர்டர் போட்டுப் பணத்தையும் கட்டிரும்"ங்கான். மச்சான், மனுசன் படிக்காததை எழுத எவனாவது சம்பளம் கொடுப்பானா? விசா ஏஜென்ட், நில ஏஜென்ட் என்று ஏஜென்ட் பேர் வந்த கேஸ் ஒன்றாவது எங்கள் ஸ்டேஷனில் உருப்படியாக முடிந்ததுண்டா? போதாக்குறைக்கு, நான் எதைச் சொன்னாலும் "சரி மாமா" என்று தலையாட்டுகிறான். அப்படித் தலையாட்டுகிற ஆளை அந்தக் காலத்திலேயே நான் ஸ்டேஷனில் சந்தேகக் கேஸ் என்று தனியாகத்தான் உட்கார வைப்பேன்.

நேற்று யாரிடமும் சொல்லாமல் இலஞ்சிக்கே நேரில் போனேன். மழையான மழை. எழுதினதைக் காட்டு என்றேன். காட்டினான். 'தொகையைச் சொல். சம்மதம் கேள். சம்மதம் வந்தால் மட்டும் பணம் கட்டு. கடையிலிருந்து பதில் வராவிட்டால் மறுபடி கட்டாதே. முதலில் கட்டியது போய்ச் சேர்ந்ததா என்று கேள்.' இப்படித் துண்டு துண்டாக, சின்னப் பிள்ளைக்குப் பல் விளக்கச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி! இதுக்கா இவனைக் காலேஜில் படிக்க வச்சாங்க? சரி, கட்டிக் காட்டு பார்ப்போம் என்றேன். "சோதனைக்குன்னே பொய்ப் பணம் இருக்கு மாமா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதான் மச்சான்! போலீஸ்காரன் முன்னால உக்காந்து பொய்ப் பணம்ங்கான்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! "பொய்யும் வேண்டாம், கிய்யும் வேண்டாம்" என்று என் பென்ஷன் கணக்கையே அதில் சேர்க்கச் சொன்னேன். எழுத்தையும் நானே திருத்தித் தருகிறேன் என்றேன். "சரி மாமா" என்று லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினான்.

எழுதினேன், இலாகா தோரணையில். 'மேற்படி ஏஜென்ட்டானது மேற்படி நபரின் மேற்படி தொகையை மேற்படி கடைக்குச் செலுத்தியும் மேற்படி கடையிடமிருந்து உரிய பதில் கிடைக்கப்பெறாத பட்சத்தில், அது கிடைக்கப்பெறும் வரை மேற்படி செயலை நினைவூட்டலாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது.' மொத்தத்துக்கும் ஒரே முற்றுப்புள்ளி. படித்துப் பார்த்து எனக்கே புல்லரித்தது. குற்றாலம் அகமது கபீர் பாய் கடையில் ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கு என்று ஏஜென்ட்டிடம் சொன்னேன். பாய் கடைப் பக்கம் மழையில் நெட்டு படுத்துவிட்டது. பணம் போகுது, பதில் வரல. ஏஜென்ட்டு நினைவூட்டுது. இன்னொரு கிலோவுக்குப் பணம் போகுது, மறுபடியும் நினைவூட்டுது. என் செல்போன் டிங்கு டிங்குன்னு அடிக்கு. "மாமா, நிறுத்திரவா?"ன்னான். "இருய்யா, பதில் வரட்டும்"னேன். பதில் வந்துச்சு மச்சான், பென்ஷன் மொத்தமும் போன பிறகு.

சாயங்காலம் லோடு ஆட்டோவில் சிப்ஸ் வந்து வாசலில் இறங்குது. கூடவே கபீர் பாய். "என்ன ஏட்டய்யா, பிள்ளைக்கு நிச்சயம்னு ஒரு வார்த்தை சொல்லலியே! இம்புட்டு சிப்ஸ் போட்டிருக்கீய! நல்லா இருக்கட்டும்"னு வாழ்த்திட்டுப் போறாரு. தெருவே வந்து மாப்பிள்ளை யாருன்னு கேக்கு. கட்டில் மேலெல்லாம் சிப்ஸ். தங்கள் தங்கை அடுப்பைப் பற்றவைக்கவில்லை, "அதையே தின்னுங்க" என்கிறாள். மஞ்சு என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் அழுதால் எனக்குத் தாங்காது மச்சான். அதற்காக இருக்கிற ஒரே பிள்ளையைப் பொய்ப் பணக்காரன் கையில் பிடித்துக் கொடுக்க முடியுமா? பையன் குடும்பத்துக்குச் சிப்ஸ் வியாபாரத்தில் பங்கு உண்டா என்று ரகசியமாக விசாரித்து எழுதவும். வரன் முறிந்ததாகவே வைத்துக்கொள்ளவும்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மழையில் பைக்கை எடுக்க வேண்டாம். வந்தால் சாக்கோடு வரவும்.

இப்படிக்கு,
சுடலைராஜ்

பி.கு.: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் பையன் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். பிரிக்காத பைகளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரக் கபீர் பாயிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டானாம். பிறகு செல்போனைக் காட்டினான். அவன் எழுதுகிற வழிகாட்டியில் 'இப்படி எழுதக் கூடாது' என்று ஒரு பக்கம். கீழே என் வாக்கியம், ஒரு மேற்படி குறையாமல்! "உங்க பேரு போடல மாமா. ஆனாலும் உங்ககிட்ட கேக்காம வெளியிடக் கூடாதுல்லா. நீங்க எழுதுனது தப்பு மாமா. நேத்தே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்" என்றான். மச்சான், என் சர்வீஸ் முழுக்க ஒரு இன்ஸ்பெக்டர்கூட என் எழுத்தை முகத்துக்கு நேரே தப்பு என்று சொன்னதில்லை. களவாணிப் பயலாக இருந்தால் இன்றைக்கும் "சரி மாமா"ன்னுதான் சொல்லியிருப்பான். மேலே எழுதியது அத்தனையும் ரத்து. ஆவணியில் நல்ல நாளாகப் பாருங்கள். சிப்ஸில் ஒரு மூட்டையை மட்டும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை, நிச்சயத்துக்கு ஆகும்.

இதற்குப் பதில் வராவிட்டால் மறுபடி எழுதமாட்டேன். முதல்ல போன் போட்டு, கடிதம் வந்து சேந்துச்சான்னு கேட்டுக்கிடுவேன்.