கேற்வே காக்காவும் மச்சானின் வயலும்

கல்முனையில் தன் வயலோடு போனில் கதைத்த முதல் மனிதர் கேற்வே காக்காதான். அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கே மறந்துவிட்டது. அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்.

வரம்போரம் ஒரு குழாய், அதன் தலையில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு சென்சர். வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. சின்னப் பற்றரிதான், ஆனால் வருடக்கணக்கில் ஓடும்.

"எப்பிடிக் காக்கா?" என்று கேட்டேன்.

"எந்த நேரமும் உறக்கம் மனே. இடைக்கிடை எழும்பி ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத் திரும்பப் படுத்திரும். உன்னப் போலதான்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்து நம் போன்களுக்கு அனுப்புவதுதான் அவர் வீட்டு மண்டபத்தில் இருந்த கேற்வே பெட்டி. ஏகப்பட்ட சென்சர்களின் பேச்சு அதற்குக் கேட்குமாம். "ஒரு வயலுக்கு மட்டும் காது குடுத்தா வீண்தானே?" என்று வட்டையில், அந்த வயல்வெளி முழுக்க, எங்கள் எல்லோருடைய வயல்களிலும் குழாய் நட்டுவிட்டார். யாருடைய வயலில் தண்ணீர் மட்டம் குறைந்தாலும் எல்லோருடைய போனிலும் மணி அடிக்கும். என் போன் என்னைச் சுபஹுத் தொழுகைக்கு எழுப்பியதைவிட அடுத்தவன் வயல் காய்ந்ததற்கு எழுப்பியதே அதிகம்.

ஒருநாள் அவர் மனைவி கிரைண்டர் போடுவதற்காகக் கேற்வேயின் பிளக்கைக் கழற்றிவிட்டார். காக்கா "இன்னாலில்லாஹ்!" என்று கத்திய கத்தில், சாவு விழுந்த மையத்து வீடு என்று நினைத்து அயலவர்கள் கதிரைகளோடு வந்துவிட்டார்கள். அதன்பிறகு அந்தப் பிளக்கை யாரும் தொடுவதில்லை.

இந்தப் பித்தினால்தான் மச்சானோடு பகை. மச்சான் என்றால் மனைவியின் தம்பி, கீழ்வயல்காரர். ஒரு கலியாண வீட்டில் சகன் தட்டைச் சுற்றி எல்லோரும் சோற்றில் கைவைத்த நேரம் காக்கா சென்சர் கதையை எடுத்தார். யாரையும் சாப்பிடவிடாத கதை. மச்சான் பொறுத்துப் பார்த்துவிட்டு எழும்பி அடுத்த சகனில் போய் இருந்துகொண்டார். ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழும்பிப் போவதைவிட எங்கள் ஊரில் பெரிய அவமானம் கிடையாது. அன்றோடு இருவருக்கும் கதை பேச்சில்லை. அப்படியிருந்தும் மச்சானின் வயலில் நட்ட குழாயைக் காக்கா பிடுங்கவில்லை.

"அவனோடதான் கோவம். வெள்ளாமையோட எனக்கென்ன?"

போன சிறுபோகத்தில், கதிர் தள்ளுகிற நேரம் பார்த்து வாய்க்கால் வற்றியது. ஒரு பின்னேரம் நான் காக்கா வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்தவரின் முகம் மாறியது. எட்டிப் பார்த்தேன். அவர் வயலின் மட்டம் இறங்க இறங்க, மச்சானின் வயல் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வயலுக்கும் இடையில் இருந்த வரம்பை மச்சான் வெட்டிவிட்டார்.

"எழும்புங்க காக்கா! கையும் களவுமாப் பிடிப்பம்."

அவர் அசையவில்லை.

"ரெண்டு நாளா அவன்ட வயலுக்கு மணி அடிச்சிக்கிட்டே இரிக்கி மனே. எல்லாரும்தானே கேட்டம். ஆரு போனம்?"

நானும் போகவில்லைதான்.

இன்னும் கொஞ்சம் இறங்கினால் காக்காவின் வயலுக்கும் மணி அடிக்கும். வட்டையே போனைத் திறந்து பார்க்கும். தண்ணீர்க் கள்ளன் என்ற பெயர் மச்சானோடு நிற்காது, பிள்ளைகளுக்கும் ஒட்டும். காக்கா எழும்பினார். மண்டபத்துக்குப் போய்த் தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார். பச்சை வெளிச்சம் அணைந்தது.

போனில் ஒன்றும் வரவில்லையே என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கேற்வே பழுதாப் போச்சு" என்றார். தன் பெட்டியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே குறை அதுதான், அதுவும் பொய். அந்தப் போகம் அவர் வயலில் ஒரு மூலை பதராகிப் போனது.

மணி அடிக்காததிலேயே மச்சானுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். அடுத்த கலியாண வீட்டில் மச்சான் நேரே வந்து காக்காவின் சகனில் உட்கார்ந்தார். நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துக் காக்காவின் பக்கம் தள்ளினார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"மச்சான், அந்தச் சென்சர் எப்பிடி வேல செய்யிற?"

காக்கா தொடங்கினார். சோறு ஆறியது. எனக்கு மனப்பாடமான கதைதான். ஆனாலும் அன்று ஒரு சொல் விடாமல் கேட்டேன்.