கோபாலபுரம் டீச்சர் கேஸைக் கண்டுபிடித்தவர்கள்

ஒரு கொலை நடந்தால் அதில் சம்பந்தப்படுகிறவர்கள் மூன்று பேர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம்: செத்தவர், கொன்றவர், கண்டுபிடிக்க அலைகிற போலீஸ்காரர். நான்காவதாக ஒருவர் உண்டு. ஏற்கெனவே கண்டுபிடித்து முடித்துவிட்டவர். இவருக்குக் காக்கிச் சட்டை கிடையாது, சம்பளம் கிடையாது, சம்பவம் நடந்தபோது ஊரில் இருந்தாரா என்பதே நிச்சயம் கிடையாது. சந்தேகமும் கிடையாது. நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் கையை வீசி வேகமாக நடந்துகொண்டிருப்பவர் திடீரென்று நின்று பக்கத்தில் வருபவரின் முழங்கையைப் பிடித்தால், அது இவர்தான். தி.நகர் கல்யாண மண்டபத்துப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே குரலைத் தாழ்த்துகிறவரும் இவர்தான். அடையாறில் பல் பிடுங்கப் போன இடத்தில், நீங்கள் வாயைத் திறந்தபடி மறுத்துப் பேச வழியில்லாமல் கிடக்கும்போது, "அந்த டீச்சர் கேஸ்ல உண்மையில என்ன நடந்ததுன்னா..." என்று ஆரம்பிக்கிற டாக்டரும் இவரே.

இந்த இனத்தில் நான் பார்த்தவரையில் முதல் தரமானவர் எங்கள் மயிலாப்பூர் தெருவில் இருக்கும் ஜெயராம் மாமா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன கிடங்குகளைப் போய்ப் பார்த்து, தானாக எரிந்ததா, ஓனரே கொளுத்தினாரா என்று முகர்ந்து சொன்ன அனுபவம் உள்ளவர். அவர் வீட்டு வாசலில் விழும் பேப்பரைத் தினமும் யாரோ எடுத்துப் படித்துவிட்டு, மடிப்பு மாற்றிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். யார் என்று மாமாவுக்கு இன்றுவரை தெரியவில்லை. தெருவுக்கே தெரியும். ஆனால் கோபாலபுரம் டீச்சரைக் கொன்றது யார் என்று மாமாவுக்குத் தெரியும்.

கேஸ் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடிப் போர்ஷனில் அன்புக்கரசி என்ற பள்ளிக்கூட டீச்சர் தன் தங்கையோடு குடியிருந்தார். தங்கை வேலைக்கான பரீட்சை எழுதத் திருச்சிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், டீச்சரை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேஜைமேல் இரண்டு டம்ளர், இரண்டிலும் பாதிப் பாதி காப்பி. போலீஸ் மூன்று பேரைப் பிடித்து விசாரித்தது: டீச்சருக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை, வீட்டு ஓனரின் மகன், முதல் நாள் தையல் மெஷினைப் பழுதுபார்க்க வந்துபோன சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக் குலாம் முகம்மது. மூன்று பேரையும் விட்டுவிட்டது. அவ்வளவுதான் கேஸ். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஜெயராம் மாமாக்கள் நடத்தியது.

வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்தது. டிவியில் வந்தது. இப்போது யூடியூபில் வயலின் அலற வந்துகொண்டிருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டி அகலமாகித் தட்டையாகிச் சுவரில் ஏறிய இத்தனை காலத்தில், மேஜைமேல் இருந்த அந்த இரண்டு டம்ளர் மட்டும் இடம் மாறவேயில்லை. "போலீஸ் அன்னிக்கே ஒரு தப்புப் பண்ணிட்டா" என்பார் மாமா. என்ன தப்பு என்று நாம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காத்திருப்பார். பிறகு, டிபார்ட்மென்டில் இருந்த தனக்கு மிக வேண்டிய ஒருவர் சாவதற்குமுன் தன்னிடம் மட்டும் சொன்னதாக ஒன்றைச் சொல்வார். அதே ஆள் சாவதற்குமுன் மந்தைவெளியில் இன்னொருவரிடம் வேறு மாதிரியும், அபிராமபுரத்தில் மூன்றாமவரிடம் நேர் எதிராகவும் சொல்லியிருக்கிறார். பாவம், அந்த மனிதருக்கு நிம்மதியாகச் சாகக்கூட நேரம் இருந்திருக்காது.

வாட்ஸப் வந்த பிறகு மாமா 'டீச்சருக்கு நீதி' என்று ஒரு குழு ஆரம்பித்தார். காலையில் ரோஜாப்பூ படத்துடன் நல்வாழ்த்து, பிறகு பிரேதப் பரிசோதனை பற்றிய விவாதம், மத்தியானம் மூட்டுவலிக்குக் கைவைத்தியம், சாயங்காலம் மறுபடி பிரேதம். குழு வளர்ந்து 'மர்ம நடை' என்று ஒன்று கிளைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபாலபுரத்தில் கூடி, மாப்பிள்ளை வந்த வழி, ஓனர் மகன் நின்ற இடம் எல்லாவற்றையும் நடந்தே பார்த்து, கடைசியில் மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டுக் கலைவார்கள். ஒரு பெண் கொலையானதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தால் பொங்கலுக்கு இவ்வளவு பசிக்கும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பங்களாவை ஃப்ளாட் கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள், அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மாமா யார் யாரையோ பிடித்து, கடைசி நடையன்று உள்ளே போய்ப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டார். குழுவில் பண்டிகைக் களை வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தேவானை வந்தார். அன்புக்கரசியின் தங்கை.

அவர் பெருங்குடியில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. யாராவது கேட்டால், அக்கா காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லிவிடுவார். தெரிந்தால் என்ன ஆகும் என்பதை அவர் கல்யாணத்திலேயே பார்த்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் தாலி கட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் கேட்டார்களாம்: பூட்டு யாருடையது, வீட்டுப் பூட்டா, வெளிப் பூட்டா? பிரசவ வார்டில் நர்ஸ் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் அக்காவைப் பற்றி வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் விசாரணைக்கு வந்தவர்களாகவே இருந்தால் மனுஷி என்ன செய்வாள்?

வீட்டை இடிக்கப்போவது தெரிந்ததும், தானும் அக்காவும் குடியிருந்த அந்த மாடியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. தனியாக வந்து கேட்டார். வாசல் காவலாளி, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு குழு வருகிறது, வேண்டுமானால் அவர்களோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஆக, அக்காவின் அறைக்குள் போகத் தங்கைக்கு வழியில்லை. ரசிகர்களுக்கு இருந்தது. தேவானை ரசிகையாகப் பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

துணைக்கு ரூபீனா வந்திருந்தார். மெக்கானிக் குலாம் முகம்மதுவின் மகள். அப்பாவைப் போலீஸ் உள்ளே வைத்திருந்த நாட்களில், ஸ்டேஷன் பெஞ்சில் அம்மாவின் மடியில் தூங்கிய குழந்தை அவர்தான். அதே பெஞ்சில் தேவானையும் உட்கார்ந்திருப்பார். குலாம் முகம்மது நல்லவர், எத்தனையோ வருஷமாக எங்கள் மெஷினைப் பார்க்கிறார் என்று உள்ளே போய் அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெளியே பெஞ்சில் இருந்த ரூபீனாவின் அம்மா மறக்கவில்லை. விடுதலையாகி வந்த பிறகும் குலாம் முகம்மதுவை எந்த வீட்டிலும் உள்ளே விடவில்லை. ஓட்டை மெஷின்களை வாங்கிப் பிரித்து உதிரியாக விற்றே மீதி நாளை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெஞ்சில் தொடங்கிய பழக்கம் இந்த இரண்டு குடும்பத்துக்கும் விட்டுப்போகவில்லை. பெருநாளுக்குப் பிரியாணி பெருங்குடிக்குப் போகும், பொங்கலுக்குக் கரும்பு சிந்தாதிரிப்பேட்டைக்கு வரும். இந்தச் சென்னையில் டீச்சர் கேஸைப் பற்றிப் பேசிக்கொள்ளாதவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் ரூபீனா சொன்னது. அன்று காலையில் நான் பார்த்தது, கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களை மட்டும்தான்.

மாமா நேரே மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரா? முதலில் கீழே போர்ட்டிகோவில் நின்று சொற்பொழிவு. யார் மேல் எவ்வளவு சந்தேகம் என்பதை அவர் சதவீதமாகப் பிரித்து வைத்திருந்தார். ஓனர் மகனுக்கு ஐம்பது. மாப்பிள்ளைக்கு இருபது.

"மெக்கானிக் மேல எனக்குப் பெரிசா சந்தேகம் இல்லை. நான் நியாயமா நடந்துக்கணும்னு நினைக்கறவன். அவனுக்கு முப்பது பர்சென்ட்தான் வெச்சிருக்கேன்."

ரூபீனா தலைமேல் இருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு மாமா டம்ளருக்கு வந்தார். டம்ளருக்கு வந்தால் அவர் முகமே மாறிவிடும். தனியாக இருந்த பெண், இரண்டு டம்ளர், இரண்டிலும் காப்பி. ஆகவே வந்தவன் தெரிந்தவன். உட்கார்ந்து காப்பி குடிக்கிற அளவுக்குத் தெரிந்தவன். அப்படியானால் அவர்களுக்குள் என்ன பழக்கம், எத்தனை நாளாக, மாப்பிள்ளைக்கு அது தெரியுமா என்று, செத்துப்போன ஒரு பெண்ணின் நடத்தையை அவர் ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே போக, கூட்டம் தலையாட்டிக்கொண்டே கூடப் போனது.

"சார்" என்றார் தேவானை. குரல் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். எல்லோரும் திரும்பினார்கள்.

"அவ காப்பியை நல்லா ஆத்திக் குடிப்பா சார். எங்க வீட்ல டபரா கிடையாது. ரெண்டு டம்ளர்லதான் ஆத்துவோம். அன்னிக்கும் அதுவாத்தான் இருக்கும்."

மாமாவுக்கு இது புதுச் செய்தி. "இது எந்த வீடியோல வந்தது?"

"வீடியோல இல்லை. நான் அவ தங்கச்சி. போலீஸ்ல அப்பவே சொல்லிட்டேன்."

இத்தனை வருஷ ஆராய்ச்சி ஒரு வாய்க் காப்பியில் கரைந்துபோனதே, மாமா இடிந்துபோயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது.

"அப்படின்னா, அந்தக் காப்பியை ஆத்தினவா யாரு?" என்றார் மாமா.

அதற்குள் செல்போன்கள் மேலே எழும்பிவிட்டன. டீச்சருக்கு நீதி கேட்டு வந்தவர்கள் அத்தனை பேரும் தங்கையைச் சூழ்ந்துகொண்டார்கள். பூட்டு யாருடையது? மாப்பிள்ளை இப்போது எங்கே? திருச்சிக்கு எந்த ரயிலில் போனீர்கள்? ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா? யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அம்மா என்றும் மேடம் என்றும்தான் கூப்பிட்டார்கள். தேவானை பதில் சொல்லாமல் மாடிப்படி பக்கமாக நகர்ந்தார். கூட்டமும் நகர்ந்தது. அவர் முதல் படியில் கால் வைத்ததும் கூட்டமும் கால் வைத்தது. அவர் நின்றுவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்த அந்த முகத்தில், இதற்கும் வழியில்லையா என்பது தவிர வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் ரூபீனா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, படிக்குக் குறுக்கே நின்றார்.

"அக்கா மேல போய்ட்டு வரட்டும். அதுவரைக்கும் என்னைக் கேளுங்க. நான் அந்த மெக்கானிக் பொண்ணு. அதான் சார், உங்க முப்பது பர்சென்ட்."

செல்போன்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. உங்கள் அப்பா அன்று வீட்டுக்கு எப்போது வந்தார், சட்டையில் ஏதாவது கறை இருந்ததா, இரவில் தூங்குவாரா, சாகும்போது ஏதாவது சொன்னாரா? தன் வாழ்நாள் முழுக்க யாரிடமும் பேசாத விஷயத்தை, ரூபீனா அந்தப் படியில் நின்று, கேட்டவர்கள் எல்லோருக்கும் நிதானமாகப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னா கறை கீதுன்னு கேட்டா இன்னா சொல்றது? மெஷின் ஆயில்தான் கீது. எப்பவும் அதான் கீது." கூட்டத்தில் ஒருவர் அதையும் குறித்துக்கொண்டார். ரூபீனாவின் இரண்டு கைகளும் இரண்டு பக்கத்துக் கைப்பிடியையும் பிடித்திருந்தன. பின்னால் தேவானை ஒவ்வொரு படியாக ஏறி, மாடிக்குப் போய், கதவுக்கு உள்ளே மறைந்தார்.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார். முகம் கழுவின மாதிரி இருந்தது. ரூபீனாவின் தோளைத் தொட்டார். ரூபீனா அந்த நிமிஷமே, பாதி வாக்கியத்தில், பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். ஆட்டோ பிடித்துத் தரக் கூடவே நானும் போனேன். மேலே என்ன செய்தீர்கள் என்று ரூபீனாகூட அவரைக் கேட்கவில்லை. பெருங்குடியில் இறக்கிவிட்டுத்தான் போவேன், உங்கள் மருமகள் சமைத்திருந்தால் சாப்பாடும் போடுங்கள் என்று மட்டும் சொன்னார். தேவானை சிரித்தார்.

பங்களா இப்போது இல்லை. தகர வேலி அடித்திருக்கிறார்கள். நடை தகர வேலிக்கு வெளியே தொடர்கிறது. 'டீச்சருக்கு நீதி' குழுவில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ரோஜாப்பூ போடக்கூட யாருக்கும் நேரமில்லை. தங்கை இத்தனை வருஷம் கழித்து வருவானேன்? மெக்கானிக் மகளோடு இவ்வளவு ஒட்டுதல் எப்படி? ஒருத்தி எல்லோரையும் படியில் மடக்கி வைக்க, இன்னொருத்தி தனியாக மேலே போனாளே, என்ன எடுத்துக்கொண்டு வந்தாள்? அவள் நிஜமாகவே திருச்சிக்குத்தான் போனாளா? மாமா கணக்கைத் திருத்திவிட்டார். ஓனர் மகன் பத்துக்கு இறங்கிவிட்டார். தேவானைக்கு நாற்பது. நியாயமாக நடந்துகொள்ள நினைக்கிறவர் ஆனபடியால், இன்னும் கூட்டாமல் வைத்திருக்கிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். நீங்கள் படித்தவர், பண்புள்ளவர், அந்த இரண்டு பெண்களுக்காக மனம் கசிந்தவர். மர்ம நடைக்கெல்லாம் போகமாட்டீர்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மூன்று பேரை விட்டுவிட்டார்கள் என்று நான் சொன்னேனே, அதைப் படித்தபோது மனசுக்குள் ஒருவரை மட்டும் நீங்கள் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை? தேவானை கதவுக்குப் பின்னால் மறைந்தபோது, இந்த ஆள் என்ன, மேலே நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டானே என்று என்மேல் கொஞ்சம் கோபம் வரவில்லை? இப்போதுகூட, காப்பி டம்ளர் விஷயம் சரி, ஆனால் அந்தப் பூட்டு, என்று ஏதோ ஒன்று உங்களுக்குள் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

பரவாயில்லை, வெட்கப்படாதீர்கள். கிட்டே வாருங்கள். பெயர்கூட வேண்டாம், முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள்.