ஈப்போ சீசரின் வாரிசு

ரோமாபுரி அழிந்துவிட்டது என்று எழுதிய சரித்திர ஆசிரியர்கள் ஒருவரும் மலேசியாவின் ஈப்போவுக்கு வந்து பார்க்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் அது எங்கள் பிரம்மச்சாரிகள் வீட்டில் அமோகமாக நடந்துகொண்டிருந்தது. சக்கரவர்த்தி, அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு அவர் சீசர் அண்ணன். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அவர். ஆகவே அவர் வைத்ததுதான் சட்டம்.

எதற்கெடுத்தாலும் ரோமாபுரிதான். காலையில் குளியலறை வாசலில் நான்கு பேர் துண்டோடு சண்டை போட்டால், "ரோமாபுரியிலயும் ஒரே வருஷத்தில நாலு பேர் சக்கரவர்த்தி ஆனவை. முதல் மூண்டு பேரும் செத்துப் போச்சினம். விளங்குதே?" என்பார். அதற்குப் பிறகு முதலில் போக யாருக்குத் தைரியம் வரும்? அவரே போய் நிதானமாகக் குளித்துவிட்டு வருவார்.

சமையல்காரர் முனியாண்டி அண்ணனிடம் மட்டும் அவருக்குத் தனி மரியாதை. மீன் குழம்பின் காரம் உச்சந்தலைக்கு ஏறினாலும், கண்ணில் நீர் வழிய "அருமை!" என்பார்.

"கன சக்கரவர்த்திமாரின்ர கதையை முடிச்சது எதிரி இல்லைத் தம்பி, சொந்தக் காவல்காரர்தான். என்ர காவல்காரன் முனியாண்டி."

இப்படி இருந்த வீட்டில் இடி விழுந்தது. சீசருக்கு லூமுட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்து யார்? ரோமாபுரிக்கு வாரிசுச் சட்டமே கிடையாதாம். படை யார் பக்கமோ அவன் பக்கம் அரியணை. ஒரு தடவை காவல்காரர்கள் அதை ஏலமே விட்டார்களாம். எங்கள் வீட்டிலோ சீசரின் அக்கா மகன் இந்திரன், சில மாதமாகவே இளவரசன் நடை நடந்துகொண்டிருந்தான்.

"மாமா போனதும் குசினிய மூடிடலாம்லா. சோத்த கடையில தப்பாவ் பண்ணி, பொட்டலமா வாங்கிட்டு வந்துக்கலாம். முனியாண்டி ரூம்ல என் மோட்டர் நிக்கட்டும்" என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளை அந்த அறைக்குள் ஓட்டிப் பார்த்தே விட்டான்.

முனியாண்டி அண்ணன் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர் லயத்து வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவர். உற்றார் உறவினர் கிடையாது. "தோட்டத்துலேருந்து போன்னாங்க, இங்க வந்தேன். இங்கேருந்தும் போன்னா எங்க தம்பி போறது?" என்று என்னைக் கேட்டார்.

துணிச்சலை வரவழைத்துக்கொண்டு சீசரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதிலுக்கு ஒரு கதை சொன்னார்.

"பிள்ளை இல்லாத நாலு சக்கரவர்த்திமார் வரிசையா நல்ல ஆளாப் பாத்துச் சுவீகாரம் எடுத்தவை. நாடு நல்லாயிருந்தது. அடுத்தவருக்குச் சொந்த மகன் இருந்தான். அவனிட்டக் குடுத்தார். எல்லாம் நாசம்."

எனக்கு நம்பிக்கை பிறந்தது. அடுத்த நாளே அது செத்தது. சீசர் கடைத்தெருவிலிருந்து இந்திரனுக்குப் புதுச் சட்டையோடு வந்தார். தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சபை கூடியது. சீசர் வெள்ளைப் போர்வை ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றார். சிரிக்க வேண்டிய காட்சி. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இந்திரன், நீ என்னோட லூமுட்டுக்கு வாறாய்."

"அப்ப வீடு, மாமா?"

"மகனில பாசமெண்டா பக்கத்தில வச்சுச் சோறு போட்டிருக்கலாம். அதுக்கேன் அந்த அஞ்சாவது சக்கரவர்த்தி ரோமாபுரியைத் தூக்கிக் குடுத்தவர்? அந்தப் பிழையை நான் விடமாட்டன்."

சொல்லிவிட்டுச் சமையலறைத் திரையைச் சடக்கென்று இழுத்தார். பின்னால் அகப்பையும் கையுமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் முனியாண்டி அண்ணன்.

"திரைக்குப் பின்னால ஒளிஞ்சு நிண்ட ஒருத்தரைப் பிடிச்சு இழுத்துத்தான் ரோமாபுரியில சக்கரவர்த்தி ஆக்கினவை. வீட்டுக்காரத் தவுக்கேயிட்ட, அந்தச் சீன முதலாளியிட்டக் கதைச்சிட்டன். இனி இந்த வீட்டு வாடகைச் சீட்டு முனியாண்டியின்ர பேரில. இருக்கிற ஆக்கள் அவரின்ர சொல் கேட்டு இருங்கோ!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முனியாண்டி அண்ணனுக்குத்தான் விளங்க நேரமாயிற்று.

"அப்ப என்னிய யாரும் போகச் சொல்ல முடியாதா ஐயா?"

"நீ எங்களைப் போகச் சொல்லலாம்."

முனியாண்டி அண்ணன் அகப்பையை ஒரு முறை பார்த்தார், எங்களை ஒரு முறை பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. "எட்டு மணிக்கு மேல வந்தா யாருக்கும் சோறு கெடையாதுலா, சொல்லிட்டேன்!" என்று முதல் ஆணை பிறந்தது. பிறகு சீசர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயாவுக்கு மட்டும் எப்ப வந்தாலும் உண்டு."

குத்துப்பட்ட அந்தக் காலத்துச் சீசர் கடைசியில் அங்கியால் முகத்தை மூடிக்கொண்டாராம். எங்கள் சீசரும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எங்களிடம்தான் கண்களை மறைக்கப் போர்வை இல்லை.