துர்கா படித்த விலைச்சீட்டு

புதுச்சேரி,
19.8.2007

மழலையர் பள்ளித் தலைமையாசிரியையும் என் கூடப்பிறந்த தங்கையுமான திருமதி தனக்கொடி அவர்களுக்கு, அண்ணன் கலியமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உன் அண்ணி ஜெயம், நான், ஜவுளிக்கடை மூவரும் சௌக்கியம்.

நேற்று பகல் பதினோரு மணிக்கு என் மகளும் தங்கள் யு.கே.ஜி. மாணவியுமான துர்கா, என் கடையின் அடக்க விலையை வாடிக்கையாளர் முன்னால் சத்தமாகப் படித்துவிட்டாள். போனில் சொன்னதற்கு, "புகார்னா எழுத்துல குடுண்ணா, எல்லாப் பெத்தவங்களுக்கும் ஒரே ரூல்தான்" என்றாய். இதோ எழுத்தில்.

போன வருஷம் முழுக்க 'அ'வைக் காட்டினா ஜன்னலைப் பார்த்த பிள்ளைதான், ஒப்புக்கறேன். இந்த வருஷம் நீ கடற்கொள்ளைக்காரப் பாடம்னு ஆரம்பிச்சே. ஒத்தைக் கண்ணுல கறுப்புத் துணி, மணல்ல புதைச்ச எழுத்து, தோண்டிப் படிச்சவங்களுக்கே அந்த எழுத்து சொந்தம். முப்பது பிள்ளைக்கும் லைனிங் துணி கிழிச்சுக் குடுத்ததே நான்தான். அதோட விட்டியா? வீட்டுலயும் ரகசிய எழுத்து வெச்சுப் புதையல் வரைபடம் போடுங்கன்னு டைரியில எழுதி அனுப்பினே. பதினாலு வயசுல தோள்ல மூட்டை தூக்கித் துணி வித்தவனுக்குத் தெரிஞ்ச ரகசிய எழுத்து எது? அடக்க விலையை யாருக்கும் புரியாம புடவைச் சீட்டுல எண்ணுக்குப் பதிலா எழுதற பத்து எழுத்துதான். அதையே போட்டேன். 'ம'ன்னா மூணு அடி நட, 'ப'ன்னா எட்டு அடி, 'ல'ன்னா நில்லு. முடியற இடத்துல கடலை மிட்டாய். நாலே நாள்ல பத்தும் அத்துப்படி.

நேத்து பிள்ளைச்சாவடி ஆயம்மா, மக கல்யாணத்துக்கு இருபத்தேழு புடவை எடுக்க வந்தாங்க. இந்த சீசனோட பெரிய வியாபாரம். "அறுநூத்தம்பதுக்குக் கீழ போனா எனக்குக் கைநஷ்டம்மா"ன்னு சொல்லி வாய் மூடலை, ஒத்தைக் கண்ணுல கறுப்புத் துணியோட துர்கா சீட்டை இழுத்து, "மூணு அடி, எட்டு அடி, நில்லு!"ன்னா.

"என்னா பாப்பா சொல்றே?"

"மூணு, எட்டு, சைபர். அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு."

"அப்ப முன்னூத்தி எண்பதா? ஏன்யா கலியமூர்த்தி, பொண்ணு கண்ணைக் கட்டிக்கிட்டுக் கொள்ளையடிக்குது, நீ கட்டாமலே அடிக்கிறியா?"

இருபத்தேழு புடவையும் விரிச்சது விரிச்சபடி கிடக்க, எழுந்து போயிட்டாங்க.

ஆகவே நாளை முதல் கடற்கொள்ளையை நிறுத்திவிட்டு, பூனை, பட்டாம்பூச்சி என்று வியாபாரத்துக்கு ஆகாத எதையாவது வைத்து எழுத்து சொல்லிக்கொடு. இல்லையென்றால் துர்காவுக்கு வேறு பள்ளி. இது முடிவு.

பிள்ளைகளுக்கு என் ஆசி. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன், வாடிக்கை இழந்த
கலியமூர்த்தி

பி.கு.: உறையில போடறதுக்குள்ள ஆயம்மா திரும்பி வந்துட்டாங்க, அவங்க தங்கச்சி குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு. நாலு கடை ஏறி இறங்கினாங்களாம். "எந்தக் கடையிலயும் அடக்கத்தைப் படிச்சுச் சொல்ல ஒரு புள்ள இல்லையே"ங்கறாங்க. பாடத்தை நிறுத்தாதே. புதன்கிழமை துர்காவுக்கு அரை நாள் லீவு குடு. பேசி முடிச்சது இது: நாப்பத்தொரு புடவை, அடக்கத்துக்கு மேல புடவைக்குத் தொண்ணூறு ரூபா, சீட்டைத் துர்காதான் படிக்கணும், படிக்கறப்ப நான் கடைக்குள்ள இருக்கக் கூடாது.