கரிசலில் நான் வெட்டிய பள்ளம்

படித்த படிப்பைக் குடும்பத்தார் முன்னால் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை மனிதருக்கு வரக்கூடாது. அதுவும் வாழ்க்கைப்பட்ட வீட்டில், முதல் ஐப்பசியிலேயே வரக்கூடாது. எனக்கு வந்தது.

நான் திருச்சிக்காரி, சிவில் இன்ஜினியர். கட்டிக்கொடுத்தது சிவகாசியில், தினசரி காலண்டர் அச்சடிக்கும் குடும்பத்தில். வீடும் அச்சகமும் குடோனும் ஒரே காம்பவுண்டு. ஒரு மணி நேரம் மழை அடித்தால் எங்கள் தெருவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். காரணத்தை ஒரே வாரத்தில் கண்டுபிடித்தேன். (தெருவில் எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான். நான் கண்டுபிடித்ததாக அப்போது நம்பினேன்.) தெருத் தண்ணீர் ஒரு காலத்தில் அச்சகத்தின் பின்பக்கக் காலிமனை வழியாக ஓடைக்குப் போய்க் கண்மாயில் சேர்ந்திருக்கிறது. பிறகு அது போகிற வழியில் எங்கள் சுவர் எழும்பிவிட்டது.

தண்ணீரை விரட்டக் கூடாது, இருக்க இடம் கொடுக்க வேண்டும் என்று மாமனாரிடம் விளக்கினேன். காலிமனையில் அகலமாகப் பள்ளம் வெட்டி, தெருவிலிருந்து அதற்கு ஒரு வாய்க்காலும் இழுத்து, கோரையும் வெட்டிவேரும் நட்டால், மழைத்தண்ணீர் அதில் தங்கி மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று படம் வரைந்து காட்டினேன். மாமா அதிகம் பேசாதவர். படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பள்ளம் வெட்ட வந்த பாண்டி மேஸ்திரிக்கு என் வயதுதான். பள்ளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும், சுவரை உடைத்து ஓடைக்கு வழிவிடலாமா என்று கேட்டார். அது இரண்டாம் கட்டம் என்றேன். (இன்ஜினியர்கள் யோசிக்காமல் விட்ட எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர்.)

"இது கரிச மண்ணும்மா. ஒரு வாய் குடிக்கும். அப்புறம் கொப்புளிச்சுத் துப்பிரும்" என்றார் அவர்.

காவிரி மணலில் வளர்ந்த நான், மண் தண்ணீரை உறிஞ்சும் விதம் பற்றி அவருக்குக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் மண்வெட்டியில் சாய்ந்தபடி பொறுமையாகக் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வானம் கறுத்தது. அத்தை தெருவில் வீடு வீடாக ஆள் அனுப்பி, மருமகள் செய்த வேலையைப் பார்க்க வரச் சொன்னார். பதினைந்து பேர் குடையோடு வந்தார்கள். கூடவே டீயும் உளுந்தவடையும்.

முதல் அரை மணி நேரம் என் வாழ்நாளின் பொற்காலம். தெருவில் நின்ற தண்ணீர் நான் வெட்டிய வாய்க்காலில் திரும்பி, சொன்ன பேச்சுக் கேட்டுப் பள்ளத்துக்குள் இறங்கியது. நான் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று உரையாற்றத் தொடங்கினேன். எங்கள் தெருவுக்கு மட்டும் கணக்குப் போட்ட பள்ளத்துக்கு மூன்று தெருத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

"தண்ணி எங்க போகுதுன்னு நல்லா கவனிங்க மாமா" என்றேன்.

"கவனிச்சுக்கிட்டுத்தேன் இருக்கேன்த்தா. குடோனுக்குள்ள போகுது."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். பள்ளம் நிறைந்து தளும்பி, ஷட்டருக்கு அடியில் தண்ணீர் நிதானமாக நுழைந்துகொண்டிருந்தது. உள்ளே புது வருடத்துக்கான காலண்டர்கள், கட்டுக் கட்டாக, லோடு ஏற்றத் தயாராக.

வடை தின்றுகொண்டிருந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வரிசையாக நின்று கட்டுகளைக் கைமாற்றி மேசைகள் மேலும் மாடிப்படியிலும் அடுக்கினார்கள். தகவல் தெரிந்து கடப்பாரையோடு வந்த பாண்டி மேஸ்திரி, என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேரே போய்ச் சுவரை உடைத்தார். இரண்டாம் கட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. தண்ணீர் பழைய பழக்கத்தில் ஓடையைப் பார்த்து ஓடியது.

அடிவரிசைக் கட்டுகள் ஊறிவிட்டன. கணுக்கால் தண்ணீரில் நின்று நான் அழுதேன். திருச்சிக்குக் கடைசி பஸ் எப்போது என்றுகூட யோசித்தேன். அத்தை துண்டோடு வந்து என் தலையைத் துவட்டினார்.

"அழுகாத. நீ வேடிக்கை காட்டுனதுனாலதேன கட்டுகளத் தூக்கிவிட இம்புட்டுப் பேரு இருந்தாக."

பள்ளம் இன்றும் இருக்கிறது, சுவரில் கம்பி போட்ட வழியோடு. கோரை மண்டி, கொக்கு வந்து நிற்கிறது. எத்தனை மழை பெய்தாலும் மூன்று தெருவிலும் தண்ணீர் தேங்குவதில்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

பேசுவதெல்லாம் நனைந்த காலண்டர்களைப் பற்றித்தான். மொட்டைமாடியில் காயவைத்தவை விற்பனைக்கு ஆகாமல் சொந்தக்காரர்கள் வீட்டுச் சுவர்களுக்குப் போயின. தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்ததால் ஒரு நாளைக் கிழித்தால் இரண்டு நாள் கையோடு வந்தது. ஆடி பிறப்பதற்குள் நாரணாபுரத்துச் சித்தப்பா வீட்டில் டிசம்பர் முடிந்துவிட்டது.

போன மாதம் எங்கள் கல்யாண நாள். பந்தியில் யாரோ கேட்க, ஒன்பது வருசமாச்சு என்றார் என் கணவர். மாமா இலையிலிருந்து தலையைத் தூக்காமல் திருத்தினார்.

"எட்டரைன்னு சொல்லுலே. ஒரு வருசத்தத்தேன் உன் பொண்டாட்டி பாதியில முடிச்சுட்டாளே."